எட்டாவது மாதிரி

அந்தப் பராமரிப்பு இல்லத்தில் நோயாளிகளின் பல் துலக்கும் விவகாரத்துக்காக மட்டும் பதினெட்டுப் பேர் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட எந்த நோயாளிக்கும் பல் துலக்கிவிட்டதில்லை என்று சொன்னால், குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். அது அவர்கள் வேலை இல்லை. எதைக் கொண்டு துலக்குவது என்று முடிவு செய்வதுதான் அவர்கள் வேலை. முடிவும் செய்துவிட்டார்கள். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

பஸ்காரருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் என்று பணிமனையில் அவருக்குப் பெயர். சிவப்பு விளக்கு எரிந்தால் தெருவில் ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும் நிற்பார். அரசாங்கம், அலுவலகம், பலகை, கயிறு கட்டிய வரிசை எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று நம்புகிற பேர்வழி. இப்படிப்பட்டவர்களை நம்பித்தான் அலுவலகங்கள் கட்டப்படுகின்றன.

அவர் மனைவி பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள். எந்த வண்டி எந்த மேடைக்கு வரும், எது எவ்வளவு தாமதம் என்று மைக்கில் சொல்கிற குரல் அவளுடையது. அவர் வண்டி தாமதமாக வந்தால் மட்டும் "வழக்கம்போல்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுவாள். அதில் மயங்கித்தான் கல்யாணமே செய்துகொண்டார். வாய் கொப்பளிக்காமல் மைக் முன்னால் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை அவள். மைக்குக்கு வாடை தெரியாது என்று அவர் கேலி செய்தால், "எனக்குத் தெரியும்ல" என்பாள். ஐம்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். அவளுக்குப் பல் அத்தனையும் இருந்தது, சொல் மட்டும் போய்விட்டது.

பெரிய மருத்துவமனையில் ஒருமுறை காய்ச்சல் வந்து பிழைத்தாள். அங்கே டாக்டர் வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "இவங்களுக்கு முழுங்கற சக்தி பாதிதான் இருக்கு. வாய்ல சேர்ற அழுக்கு எச்சிலோட நுரையீரல்ல இறங்கிடும். ரெண்டு வேளையும் வாயச் சுத்தமா வச்சிருக்கணும். இன்னொரு காய்ச்சல இந்த உடம்பு தாங்காது." வண்டிக்கும் போக வேண்டும், மனைவியையும் குழாய் வழியாக ஊட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றால் ஒரு மனிதனால் ஆகாது. அதனால்தான் இந்த இல்லம். வாய்ப் பராமரிப்பில் முன்னோடி என்று வாசலில் பெரிய எழுத்தில் போட்டிருந்ததைப் பார்த்து அவருக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பதினோராம் படுக்கையில் அவளைச் சேர்த்து ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் வந்து குனிந்து பேசியபோது அவளிடமிருந்து ஒரு வாடை வந்தது. அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பலில் இருந்த வெட்கத்தை அவரால் தாங்க முடியவில்லை.

"நர்ஸம்மா, வாய் துலக்கறது இல்லையா?" என்று கேட்டார்.

நர்ஸம்மா அதட்டுகிற குரலும் இளகின மனசும் உள்ளவள். இழுப்பறையைத் திறந்து இரண்டு பொருளை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள். ஒன்று எலெக்ட்ரிக் பிரஷின் கைப்பிடி, வெள்ளை வெளேரென்று, மேல்நுனியில் ஒரு சின்னக் கம்பியோடு. இன்னொன்று அந்தக் கம்பியில் மாட்டுகிற பிரஷ் தலை, உறை பிரிக்காதது.

"இது கைப்பிடி. இது தலை. ரெண்டுமே முதல்தரமான சரக்குண்ணே. என்ன, ஒண்ணுல ஒண்ணு ஏறாது."

"ஏன் ஏறாது?"

"கம்பியப் பாருங்க, ஒரு பக்கம் தட்டை. தலையில இருக்கற துளையப் பாருங்க, முழு வட்டம். கல்லக் கண்டா நாயக் காணோம், நாயக் கண்டா கல்லக் காணோம்னு சொல்வாங்கல்ல, இங்க ரெண்டும் எதிர்ல இருக்கு. எறியத்தான் முடியாது."

"சாதாரண பிரஷ் ஒண்ணு வாங்கிட்டு வந்துடறேன்."

"வாசல்லயே பிடுங்கிருவாங்க. முன்னாடி யாரோ ஒருத்தர் பிரஷக் கடிச்சு முறிச்சுட்டாராம். அதுலேருந்து சாதா பிரஷ், கத்தி, தீப்பெட்டி மூணும் ஒரே கணக்கு. எதுனாலும் மேல மூணாவது மாடியில போய்க் கேளுங்க. பொருத்தப்பாட்டு மையம்னு போட்டிருக்கும்."

மூன்றாவது மாடியில் வாடை இல்லை. குளிர்சாதனமும் கம்பளமும் இருந்தன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு கைப்பிடிகள் உயர வரிசையில் நின்றன. நடுவே வெல்வெட் மெத்தையில் பிளாஸ்டரால் செய்த ஒரு வாய், முப்பத்திரண்டு பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காகப் பராமரிக்கப்பட்ட வாய் அது ஒன்றுதான்.

ஒப்பீட்டு அதிகாரி மெலிந்த, மரியாதை தெரிந்த மனிதர். பஸ்காரரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். குறையைக் கேட்டுக்கொண்டார். பிறகு, வெகு நாளாக யாரும் கேட்காத பாட்டைப் பாடக் கிடைத்த சந்தோஷத்தோடு ஆரம்பித்தார்.

"எலெக்ட்ரிக் பிரஷ்ல ரெண்டு வகைங்க. ஒண்ணு சுத்தறது, அதுக்கு வட்டத் தலை. ஒண்ணு அதிர்றது, அதுக்கு நீளத் தலை. ரெண்டு வகையிலயும் சேத்து ஏழு மாதிரி வரவழைச்சோம். பல்ல ரொம்ப அழுத்துனா சிவப்பு லைட்டு எரியுதா, அரை நிமிஷத்துக்கு ஒருக்கா 'இடம் மாத்து'ன்னு ஒரு துடிப்பு குடுக்குதா, ரெண்டு நிமிஷம் ஆனா தானா நிக்குதா, எல்லாம் பாத்தோம். ஆறாவது மாதிரிதான் முதலிடம். ஒருதரம் சார்ஜ் போட்டா மாசக்கணக்குல நிக்குது. சத்தமே கிடையாது."

"தலைய மாட்டிப் பாத்தீங்களாங்க?"

அதிகாரி சிரித்தார். குழந்தை கேள்வி கேட்டால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "அது எப்படிங்க மாட்டறது? நாங்க கைப்பிடிக் குழு. தலையத் தேர்ந்தெடுக்கறது தலைக் குழு. அவங்களும் அருமையா வேலை பாத்திருக்காங்க. ஒவ்வொரு தலையையும் குழு உறுப்பினருங்க கன்னத்துல தேய்ச்சு மென்மைக்கு மார்க் போட்டிருக்காங்க. அந்தத் தலையில நீல நூல் இருக்கு பாருங்க, தேயத் தேய வெளுக்கும், அப்ப மாத்தணும். வாங்கி ஒன்றரை வருஷம் ஆச்சு, ஒரு நூல்கூட வெளுக்கல. அவ்வளவு தரம்."

"ரெண்டு குழுவும் ஒருவார்த்தை பேசியிருந்தா..."

"பேசக்கூடாதுங்க. அதுதான் இந்த இல்லத்தோட பெருமையே. முன்னாடி ஒரே குழுதான் இருந்துச்சு. கைப்பிடி விக்கற கம்பெனியிலயே தலையையும் வாங்குனாங்க. ரெண்டும் பொருந்துச்சு. அதெப்படிப் பொருந்துச்சு, உள்ள ஏதோ ஏற்பாடு இருக்குன்னு புகார் வந்துடுச்சு. அன்னைக்குப் பிரிச்சதுதான். தலைக் குழுவோட தலைவி என் சம்சாரம்தாங்க. வீட்டுலகூட நாங்க பல்லப் பத்திப் பேசறதில்ல."

அதைச் சொல்லும்போது அவர் நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. பஸ்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார். பாதிப் படி இறங்கிய பிறகுதான், தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

ஆனாலும் கூரையைப் பிரித்துக் கொடுக்காத தெய்வத்தை நம்பி உட்கார்ந்திருக்க அவர் மனைவிக்கு அவகாசம் இல்லை. மறுநாள் நர்ஸம்மா ஒரு காரியம் செய்தாள். கைப்பிடியின் கம்பியை ஒரு சோப்புக் கட்டியில் அழுத்தி எடுத்து, அந்தச் சோப்பைக் காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். அதை எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் ஏழெட்டுக் கடை ஏறி இறங்கினார். கடைசிக் கடைக்காரர் சோப்பிலிருந்த அச்சை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் பொருந்தும்னு போட்டு ஒண்ணு விக்கறான், அத வாங்கிராதீங்க. எதுக்கும் பொருந்தாது. இது சுத்தற வகை, தட்டைக் கம்பி. இந்தாங்க. ஈறு நோகாம இருக்கணும்னா மெல்லிசு நூல் உள்ளத எடுத்துக்கங்க. யாருக்கு?"

"வீட்டுல" என்றார் பஸ்காரர்.

வாசல் காவலர் பிரஷைத்தான் தேடுவார், தலையைத் தேட மாட்டார். மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு தலை உள்ளே போனது. நர்ஸம்மா மாட்டினாள். டக் என்று உட்கார்ந்தது. அந்த ஒரு சத்தத்தில் பஸ்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது என்றால் மிகையில்லை. மனைவி வாயைத் திறந்தாள். நர்ஸம்மா மேல்வரிசையில் பின்பல்லிலிருந்து மெதுவாகக் கொண்டுவந்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வலித்ததா என்று கேட்டால் இடக்கையை இல்லை என்று அசைத்தாள்.

அரை நிமிஷம் ஆனது. கைப்பிடி, இடத்தை மாற்று என்று விர்ரென ஒரு துடிப்புக் கொடுத்தது.

அதுதான் கெடுத்தது. அந்த வார்டில் அதற்குமுன் எந்தக் கைப்பிடியும் அப்படிச் சத்தம் போட்டதில்லை. ஏதோ கருவி பழுதாகிவிட்டது என்று பயந்து மேற்பார்வையாளர் ஓடிவந்தார். ஒரு கைப்பிடியும் ஒரு தலையும் ஒன்றாக நிற்பதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஆள் வெளுத்துப்போனார்.

விசாரணை மூன்றாவது மாடியில் நடந்தது. பிடிபட்ட தலையைக் கைப்பிடியில் மாட்டினார்கள், கழற்றினார்கள், மறுபடியும் மாட்டினார்கள். ஒவ்வொரு முறையும் டக் என்றது. ஒவ்வொரு டக்குக்கும் பஸ்காரரின் நிலைமை மோசமாகிக்கொண்டே போனது.

"இவ்வளவு கச்சிதமாப் பொருந்துதுன்னா, எங்க கைப்பிடி என்ன மாதிரின்னு வெளியில தகவல் போயிருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார் ஒப்பீட்டு அதிகாரி. கோபமில்லை, வருத்தம்தான். "பொருந்தாத தலையக் கொண்டுவந்திருந்தா, ஏதோ பாசத்துல பண்ணிட்டார்னு மன்னிச்சிருப்போங்க."

"அவளுக்கு வாய் சுத்தமா இருக்கணும்னு டாக்டர் சொன்னார். இல்லேன்னா நுரையீரல்ல..."

"எல்லாருக்கும் வாய் சுத்தமா இருக்கணும்னுதான் இந்த மையமே இருக்கு. நீங்க உங்க ஒரு வாயப் பாக்கறீங்க. நாங்க இருநூறு வாயப் பாக்கறோம்."

அவர்கள் இருநூறு வாயில் ஒன்றையும் பார்த்ததில்லை என்று சொல்லப் பஸ்காரருக்குத் தோன்றவில்லை. மன்னிப்புக் கேட்டார். தலையைப் பறிமுதல் செய்தார்கள். வார்டிலிருந்த கைப்பிடிகளையெல்லாம் பாதுகாப்புக்காக இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். நர்ஸம்மாவைத் துணி வெளுக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். போகும்போது அவள் பஸ்காரரிடம் புண்ணுக்குக் கட்டுகிற சுத்தமான காஸ் துணி ஒரு பொட்டலம் கொடுத்து, "கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையாதீங்கண்ணே. விரல் இருக்குல்ல?" என்றாள்.

விரல் இருந்தது. மத்தியான ஷிப்டுக்கு முன்னால் ஒருமுறை, பணி முடிந்து வரும்போது ஒருமுறை. கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, சுட்டுவிரலில் ஈரத்துணியைச் சுற்றி, பல் பல்லாகத் துடைத்தார். ஈறில் எங்கே வலிக்கும், எந்தப் பல்லின் பின்னால் சேரும், நாக்கை எவ்வளவு தூரம் தொட்டால் குமட்டாது என்று அந்த விரலுக்குச் சில நாளிலேயே தெரிந்துபோனது. அவள் இப்போதெல்லாம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்புவதில்லை. பஸ் தாமதமாகி அவர் ஓடிவந்தால், ஒரு புருவத்தைத் தூக்கிப் பார்ப்பாள். வழக்கம்போல் என்று அர்த்தம்.

மேற்பார்வையாளர் சுற்றிவரும்போது பதினோராம் படுக்கைக்குப் பக்கத்தில் வந்ததும் மூக்கை உறிஞ்சினார். வாடை இல்லை. மற்ற எல்லாப் படுக்கையிலும் இருக்கிற வாடை இங்கே ஏன் இல்லை? திரைக்குப் பின்னால் மறைந்து நின்று கையும் களவுமாகப் பிடித்துவிட்டார். இந்தத் தடவை விரல்தான் களவு.

பஸ்காரர் இனி அவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியதுதான் என்று நடுங்கிக்கொண்டே மாடி ஏறினார். ஆனால் ஒப்பீட்டு அதிகாரி திட்டவில்லை. பஸ்காரரின் விரலைப் பிடித்து விளக்குக்குக் கீழே வைத்து உற்றுப் பார்த்தார். அதிகாரியின் கண்ணில் ஒரு ஒளி வந்தது. ஒன்றரை வருஷமாக அவருக்கு ஒப்பிடப் புதிதாக எதுவும் கிடைக்கவில்லை.

"இத ஏன் நாங்க முன்னாடியே பரிசீலிக்கல?" என்றார்.

அப்படித்தான் பஸ்காரரின் வலதுகைச் சுட்டுவிரல், எட்டாவது மாதிரியாக ஒப்பீட்டில் சேர்ந்தது. அவரைப் பிளாஸ்டர் வாய்க்கு முன்னால் நிற்கவைத்து முப்பத்திரண்டு பல்லையும் துடைக்கச் சொன்னார்கள். சத்தம் எவ்வளவு என்று காதுக்கருகில் ஒரு கருவி வைத்துப் பார்த்தார்கள். இல்லை. சார்ஜ்? வேண்டாம். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறதா? விளக்கு இல்லை, ஆனால் விரலே சிவக்கிறது. தண்ணீருக்குள் வைக்கலாமா? வைக்கலாம். தலை தனியாக மாட்டவேண்டுமா? ஒட்டியே பிறந்திருக்கிறது, பொருத்தம் முழுமை. இடம் மாற்றத் துடிப்பு உண்டா என்று கேட்டபோது, அவர் கை ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்ததால் அதற்கும் மார்க் போட்டுவிட்டார்கள்.

எட்டாவது மாதிரி முதலிடம் வந்தது.

பார்க்க இயக்குநரே வந்தார். கனத்த உடம்பு, இனிமையான குரல், எதிரில் இருப்பவரின் தோளில் கைபோட்டே பேசுகிற பழக்கம். "இதத்தான் நான் எப்பவும் சொல்றது" என்று எல்லோரையும் பார்த்துப் பேசினார். "புதுமை வெளியிலேருந்து வராது. நம்ம வார்டுலேருந்துதான் வரும். நாம திறந்த மனசோட இருக்கணும். இந்த விரல யாரும் அவசரப்பட்டு ஒதுக்கல. முறையாப் பிடிச்சோம், முறையா விசாரிச்சோம், முறையா அளந்தோம். வேற இல்லமா இருந்தா என்ன பண்ணியிருப்பான்? தொடைச்சா தொடைச்சுட்டுப் போறான்னு விட்டிருப்பான்."

"ரொம்ப நன்றிங்கய்யா" என்றார் பஸ்காரர். "அப்ப நான் போய்த் தொடைக்கலாங்களா? மத்தியானம் தவறிப்போச்சு."

எல்லோரும் ஒப்பீட்டு அதிகாரியைப் பார்த்தார்கள்.

"இறுதி ஒப்புதல் வர வரைக்கும் மாதிரிய சீல் வைக்கணுங்க" என்றார் ஒப்பீட்டு அதிகாரி. "நடுவுல பயன்படுத்துனா தேய்மானம் வந்துடும். அளந்தது ஒண்ணு, வாங்கறது ஒண்ணுன்னு ஆயிடும்."

"அப்ப இடதுகை..."

"அது போலி ஆயிடும்."

"இதே கையில மத்த விரலு?"

"அது எல்லாம் அதே கம்பெனி சரக்கு. பரிசீலனையிலதான் இருக்கு."

"வேற யாராச்சும் நர்ஸு, அவங்க விரலால?"

"போட்டி நிறுவனம்" என்றார் அதிகாரி, மன்னிப்புக் கேட்கிற குரலில். "அதுக்குத் தனியா விண்ணப்பிக்கணும்."

சுட்டுவிரலில் பஞ்சு வைத்து, துணி சுற்றி, நூல் கட்டி, முடிச்சின்மேல் அரக்கு உருக்கி ஊற்றி முத்திரை குத்தினார்கள். அரக்கு சுட்டது. பஸ்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார். சீலை உடைத்தால் பதினோராம் படுக்கையை அன்றைக்கே காலிசெய்ய வேண்டியிருக்கும் என்று இயக்குநர் தோளைத் தட்டிக்கொண்டே சொன்னார். வீட்டுக்குக் கொண்டுபோனால் பகலெல்லாம் அவளுக்குக் குழாயில் ஊட்ட ஆளில்லை. பசியா, அழுக்கா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னால் எவன்தான் என்ன செய்வான்? அவர் சீலோடு வண்டி ஓட்டினார். கியர் மாற்றும்போதெல்லாம் விரல் விறைத்துக்கொண்டு முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால், எதிரே வந்த ஓட்டுநர்கள் அவர் ஏதோ திட்டுவதாக நினைத்துத் திருப்பித் திட்டினார்கள்.

இறுதி ஒப்புதல் இன்று வரும், நாளை வரும் என்றார்கள். முதலில் இயக்குநர் வெளியூர். பிறகு, விரல் கைப்பிடியா தலையா என்று ஒரு சந்தேகம் கிளம்பியது. கைப்பிடி என்றால் ஒரு குழு, தலை என்றால் இன்னொரு குழு. அதிகாரியும் அவர் மனைவியும் இருபது வருஷக் குடித்தனத்தில் முதல்முறையாகப் பல்லைப் பற்றிப் பேசவேண்டிய கட்டாயம் வந்தது. பேசாமல் இருவரும் விடுப்பில் போய்விட்டார்கள்.

பதினோராம் படுக்கையில் வாடை திரும்பி வந்தது. நாக்கின்மேல் வெள்ளையாகப் படிந்தது. உதட்டோரம் வெடித்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டு மூச்சை அடக்குவாள். பிறகு அடக்க முடியாமல் இருமுவாள். அரக்கு வைத்த விரலோடு அவர் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் செய்தது கோழைத்தனம்தான். அதை அழகாகச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

ஒரு முற்பகல், நெற்றியைத் தொட்டார். கொதித்தது. நெஞ்சுக்குள் கரகரவென்று சத்தம். இல்லத்து டாக்டர் காதில் குழலை மாட்டிக் கேட்டுவிட்டு, முன்பு பெரிய மருத்துவமனையில் எச்சரித்ததையேதான் சொன்னார்: இறங்கிவிட்டது.

டாக்டர் போனதும் பஸ்காரர் அரக்கை வாயில் வைத்துக் கடித்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர் தன் விரலையே கடித்தார். அரக்கு உடைந்தது, நூல் அறுந்தது. பஞ்சுக்குள்ளிருந்து விரல் வெளுத்துச் சுருங்கி வெளியே வந்தது. கழுவினார். காஸ் துணி சுற்றினார்.

"இந்தா பாரு. வாயத் தொற."

திறந்தாள். மேல்வரிசை, கீழ்வரிசை, உள்பக்கம், நாக்கு. துணி மாற்றினார், மறுபடி துடைத்தார். எத்தனையோ நாளாகச் சேர்ந்தது அவ்வளவும் வந்தது. முடிகிற சமயத்தில் அவள் உதட்டை மூடி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். இடப்பக்கப் பல்லால் கொஞ்சம் அழுத்தியும் பிடித்துக்கொண்டாள். கையில் வலு இல்லாதவள் வேறு எதால் பிடிப்பாள்? அவர் எடுக்கவில்லை. மேற்பார்வையாளர் வந்து நின்றபோதும் எடுக்கவில்லை.

ஒப்பீட்டு அதிகாரி விடுப்பை ரத்து செய்துவிட்டு வந்து விரலைப் பரிசோதித்தார். தலையை ஆட்டினார்.

"சீல் உடைஞ்சிருக்கு. அதுகூடப் பரவால்ல. பல்லுத் தடம் இருக்குங்க. பயன்படுத்துன பொருள நாங்க வாங்க முடியாது. எட்டாவது மாதிரிய ஒப்பீட்டுலேருந்தே எடுக்க வேண்டியதுதான்." அவருக்கு உண்மையிலேயே துக்கம். "நல்ல மாதிரிங்க. நீங்க கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"எடுத்துட்டா, இது உங்களுது இல்லைதானுங்களே?"

"இல்லைங்க. இனிமே வெறும் விரல்."

"வெறும் விரலுக்கு இங்க ஏதாச்சும் சட்டம் இருக்குங்களா?"

அதிகாரி யோசித்தார். நேர்மையான மனிதர், பொய் சொல்லத் தெரியாது. "வெறும் விரலப் பத்தி எதுலயும் எதுவும் இல்லைங்க" என்றார். படுக்கையைக் காலிசெய்யச் சொல்லவும் வழியில்லை. உடைபட்ட சீல் ஒரு மாதிரியின்மேல் இருந்தது, இப்போது அப்படியொரு மாதிரியே கிடையாது.

அதன்பிறகு அவரை யாரும் தடுக்கவில்லை. வண்டிக்குப் போவதை விட்டுவிட்டார். காலை, மத்தியானம், சாயங்காலம் துடைத்தார். வாய் சுத்தமானது. நாக்கு சிவந்தது, உதடு ஆறியது. ஆனால் நெஞ்சுக்குள் இறங்கியதைத் துடைக்க எந்த விரலுக்கும் நீளம் போதாது. வெயில் ஏறுகிற நேரத்தில், அவர் துணியை மாற்றத் திரும்பிய சமயத்தில், அவள் போய்விட்டாள். உடம்பை எடுக்க வந்த ஊழியர் வாயைக் கட்டக் குனிந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தக் கட்டடத்துல இவ்வளவு சுத்தமா ஒரு வாய நான் பாத்ததில்லைங்க" என்றார். "எந்த மாதிரி பிரஷு?"

பஸ்காரர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். ஊழியர் அதைப் போய் நாலு பேரிடம் சொன்னார். அந்த நாலு பேரில் ஒருவர் மூன்றாவது மாடியில் வேலை பார்ப்பவர்.

கொஞ்ச நாள் கழித்து இல்லத்தின் ஆண்டு விழாவுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். பஸ்காரர் பலகையையும் வரிசையையும் நம்பிய பழக்கத்தில் சவரம் செய்துகொண்டு போனார். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். இயக்குநர் மைக் முன் நின்றார்.

"இந்த இல்லத்தோட சரித்திரத்துல, முழுமையான வாய்ச் சுத்தத்தோட விடைபெற்ற முதல் நோயாளி, நம்ம பதினோராம் படுக்கை அம்மா" என்றார். கைதட்டல். "இது எப்படிச் சாத்தியமாச்சு? விரல்னு சிலர் பேசறாங்க. அந்த விரல் ஒப்பீட்டுலயே இல்ல. இல்லாத ஒண்ணு எப்படிங்க சுத்தம் பண்ணும்? அந்த வார்டுக்கு நாம குடுத்தது ஆறாவது மாதிரிக் கைப்பிடி, அதோட உலகத்தரமான தலை. ஆக இது யாரோட வெற்றி? கைப்பிடிக் குழுவோட வெற்றி. தலைக் குழுவோட வெற்றி. ரெண்டு பேரும் ஒருவார்த்தை பேசிக்காம, ஒரே வாய்க்காக உழைச்சாங்க பாருங்க, அந்த ஒழுக்கத்தோட வெற்றி."

அதிகாரியும் அவர் மனைவியும் மேடையின் இரண்டு ஓரத்திலிருந்தும் எழுந்து கும்பிட்டார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பஸ்காரரை மேடைக்குக் கூப்பிட்டு, ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார்கள். உள்ளே ஒரு கைப்பிடியும் ஒரு தலையும். பிறகு இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைத் திருப்பினார்கள்.

அவர் வாழ்க்கையில் மைக் முன்னால் நின்றதில்லை. பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"வாய்ல இருக்கற அழுக்கு உள்ள இறங்குனா அவ செத்துருவான்னு டாக்டர் சொன்னாருங்க" என்றார். "அது இறங்கிருச்சுன்னு இங்க உள்ள டாக்டரே சொன்னாருங்க. ஐயா இப்ப, உங்க பிரஷ்ல அவ வாய் சுத்தமா இருந்துச்சுங்கறீங்க." பெட்டியைப் பார்த்துக்கொண்டே முடித்தார். "அப்படின்னா அவ எதனாலங்க செத்தா?"

யாரும் சிரிக்கவில்லை, யாரும் கோபப்படவில்லை. இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கைபோட்டார். அவர் கண் கலங்கியிருந்தது, அதில் பொய் இல்லை.

"நியாயமான கேள்விங்க" என்றார். "ஆனா சாவப் பாக்கறது வேற குழு. அவங்ககிட்ட நாங்க பேசக்கூடாது."